“பேக்கப் இருக்குல்ல மச்சான்?”

“மச்சான்... பேக்கப் இருக்குல்ல?”

“இருக்குடா! பத்திரமா பென் டிரைவ்ல இருக்கு. நீ போய்த் தூங்கு.”

இந்த ரெண்டு வரி டயலாக்கை நம்பித்தான் நம்ம ஊர் காலேஜ்கள்ல பாதி டேட்டாபேஸ் உயிர் வாழுது மக்களே. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். ஒரு வியாழக்கிழமை ராத்திரி 7:40-க்கு போன் வர்ற வரைக்கும்!

எங்க காலேஜ்ல ரத்த தானம் பண்றவங்க லிஸ்ட்டை மாணவர்களே பார்த்துக்கறோம். பல பேட்ச் சீனியர்ஸ் சேர்த்து வெச்ச சொத்து அது. மொத்தம் 2,140 பேர். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் தேவைன்னா, கிளப் நம்பருக்கு போன் வரும். நாங்க லிஸ்ட்டைத் தட்டிப் பார்த்து, ஆளைப் பிடிச்சு, பைக்குல ஏத்தி அனுப்பிவைப்போம். பத்து நிமிஷ வேலை.

அந்த லிஸ்ட் டிபார்ட்மென்ட் மூலையில் கிடந்த ஒரு கிழட்டு டெஸ்க்டாப்பில், மைஎஸ்க்யூஎல்-ல இருந்துச்சு. ரெண்டு டேபிள்தான் முக்கியம். ஒண்ணு, கொடையாளர்கள்: பேரு, போன் நம்பர், ரத்த வகை. இன்னொண்ணு, கொடைகள்: யார், என்னிக்கு, எந்த ஆஸ்பத்திரியில் கொடுத்தாங்க, கூடவே தமிழ்ல ஒரு குட்டிக் குறிப்பு. ரெண்டையும் இணைக்கிறது கொடையாளர் நம்பர். 1970-ல ஐபிஎம்-ல இருந்த எட்கர் காட் எழுதின பேப்பர்ல ஆரம்பிச்ச சமாசாரம். நாலாவது செமஸ்டர்ல உருப்போட்டு எழுதிட்டு மறந்துட்டோம்ல, அதேதான். எங்களுக்கு இந்த ரெண்டாவது டேபிள்தான் உசுரு. ஏன்னா ஒருத்தர் ரத்தம் கொடுத்தா, அடுத்து கொடுக்க ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் காத்திருக்கணும். பேரும் நம்பரும் மட்டும் கையில இருந்தா பாதி விஷயம்தான் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை கரன்ட் போய்ப் போய் வந்ததில் டெஸ்க்டாப்போட ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டுடுச்சு. யாரும் பதறலை. என் ரூம்மேட்தான் பேக்கப் இன்சார்ஜ். மாசாமாசம் வாட்ஸ்அப் குரூப்ல ‘பேக்கப் ஓவர்’னு போட்டு ஒரு தம்ஸ் அப் வாங்கிக்குவான். “வீக் எண்ட்ல ரெஸ்டோர் பண்ணிக்கலாம்டா”ன்னான். சரின்னு நாங்க எல்லாரும் கேன்டீன் போயிட்டோம். வியாழக்கிழமை போன் வந்தது.

“தம்பி, என் அண்ணிக்குப் பிரசவம்... ஓ நெகட்டிவ் ரெண்டு யூனிட் வேணும்கறாங்க. உங்ககிட்ட கேட்டா கிடைக்கும்னு நர்ஸம்மா நம்பர் குடுத்தாங்க தம்பி.”

“ஒரு பத்து நிமிஷம் குடுங்கண்ணே, கூப்பிடுறோம்”னு நான்தான் சொன்னேன். அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு நீளம்னு அப்போ எனக்குத் தெரியாது!

எர்ரர் மேல எர்ரர்

ரூம்மேட் லேப்டாப்ல ஸாம்ப் இருந்துச்சு. பென் டிரைவைச் சொருகி, பேக்கப் ஃபைலை உள்ளே தள்ளினான். முதல் வரியிலேயே முட்டிக்கிட்டு நின்னுடுச்சு. ‘கட்டளைக்குள்ளே ஆஸ்கி பூஜ்யம் இருக்கு, பைனரி மோடை ஆன் பண்ணாம இதை அனுமதிக்க முடியாது’ன்னு ஒரு எர்ரர். சரி, அதுவே வழியும் சொல்லுதேன்னு பைனரி மோடை ஆன் பண்ணினான். இப்போ வேற எர்ரர்: ‘உங்க எஸ்க்யூஎல் இலக்கணம் தப்பு.’ எந்த இடத்துலன்னு காட்டுற இடத்துல ரெண்டு பூச்சி எழுத்து. எர்ரர் மெசேஜ் சொல்ற வைத்தியம் எல்லா நேரமும் சரியான வைத்தியம் இல்லைன்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது. அது அறிகுறியைத்தான் சொல்லுது, நோயைச் சொல்லலை.

ஃபைலை நோட்பேடில் திறந்தா, பளிச்சுன்னு எல்லாம் சரியாத்தான் தெரியுது! மேல கமென்ட், அப்புறம் கிரியேட் டேபிள்... பக்கா! “அப்போ சேவ் பண்ற ஃபார்மட்தான்டா பிரச்னை”ன்னு யூடிஎஃப்-8 ஆக்கி வேற பேர்ல சேவ் பண்ணினான். வேற பேர்ல சேவ் பண்ணினான்கிறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அந்த ராத்திரி அவன் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அது.

மறுபடி ஓட்டினோம். பூஜ்யம் போயிடுச்சு. புதுசா ஒண்ணு வந்துச்சு. தெரியாத கொலேஷனாம். பேரு யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ. என்னடா இது, கார் நம்பர் பிளேட் மாதிரி இருக்கேன்னு கேட்டா... 2018-ல வந்த மைஎஸ்க்யூஎல் 8.0-ல எழுத்துகளை வரிசைப்படுத்துறதுக்கான டிஃபால்ட் விதி அது. டெஸ்க்டாப்ல இருந்தது மைஎஸ்க்யூஎல் 8. லேப்டாப்ல ஸாம்ப் பேனல்ல ‘மைஎஸ்க்யூஎல்’னுதான் போட்டிருக்கு, ஆனா உள்ளே இருக்கிறது மரியாடிபி!

இங்கே ஒரு குட்டிக்கதை. மைஎஸ்க்யூஎல்-ஐ உருவாக்கியவர்கள்ல முக்கியமானவர் மைக்கேல் விடேனியஸ். தன் மூத்த மகள் ‘மை’ பேரைத்தான் அதுக்கு வெச்சார். 2009-ல, மைஎஸ்க்யூஎல் ஆரக்கிள் கைக்குப் போகப்போகுதுன்னு தெரிஞ்சதும், அதே கோடை எடுத்து தனிக்குடித்தனம் ஆரம்பிச்சார். அதுக்கு இளைய மகள் ‘மரியா’ பேரு. அக்கா, தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே ஜாடை. ஆனா வருஷம் ஆக ஆக ரெண்டு வீட்டுப் பேச்சுவழக்கும் மாறிப்போச்சு. அக்கா வீட்டுல எழுதின லெட்டர், எங்க லேப்டாப்ல இருந்த பழைய தங்கச்சி பதிப்புக்குப் புரியலை. ஃபைலில் அந்த நம்பர் பிளேட் பேரை எல்லாம் தேடி, தங்கச்சிக்குத் தெரிஞ்ச கொலேஷனா மாத்தினோம்.

மணி 8:50. ஆஸ்பத்திரியிலிருந்து மூணாவது போன்.

மறுபடி ஓட்டினா, பாதியில் ‘மைஎஸ்க்யூஎல் சர்வர் ஹேஸ் கான் அவே’. சர்வர் போயிடுச்சாம்! எங்கே போச்சு, டீ குடிக்கவா? கடுப்புல ரூம்மேட் ஃபோர்ஸ் ஆப்ஷனைப் போட்டு ஓட்டிட்டான். ‘எர்ரர் வந்தா வரட்டும், நிக்காம அடுத்ததுக்குப் போ’ங்கற ஆப்ஷன் அது. கறுப்பு ஸ்க்ரீன்ல என்னென்னமோ ஓடுச்சு. கடைசியில் அமைதி. டேபிள் எல்லாம் வந்துடுச்சு!

ஹாஸ்டல் ரூமே கைதட்டுச்சு. உடனே ஓ நெகட்டிவ், 90 நாளுக்கு மேல ஆனவங்க லிஸ்ட்டை எடுத்தோம். மொத்தம் 38 ஓ நெகட்டிவ் கொடையாளர்கள். 38 பேருமே ரெடின்னு காட்டுச்சு. ஆஹா, நம்ம நல்ல நேரம்னு நினைச்சோமே தவிர, ஒருத்தருக்குக்கூட சந்தேகம் வரலை.

பேரு மட்டும் படிக்க முடியலை. தமிழ்ல இருந்த பேர் எல்லாம் கிரேக்க ‘ஆல்பா’ எழுத்து, பக்கத்துல ரெட்டை அம்புக்குறி மாதிரி ஒரு குறி, அப்புறம் ஏதோ ஒரு கிறுக்கல்... மறுபடி ஆல்பா, அம்புக்குறி... இப்படியே வரிசையா. நம்பர் சரியா இருக்கே, அது போதும்னு டயல் பண்ணினோம்.

“ஹலோ... வணக்கம்... உங்க பேரு என்னங்க?”

“போன் பண்ணினது நீங்க! நீங்கதான் சொல்லணும்!”

இப்படி ரெண்டு பேர் கட் பண்ணிட்டாங்க. மூணாவதா எடுத்தவன் எங்க ஜூனியர், செகண்ட் இயர் பையன். “அண்ணா, நான்தான் போன மாசம் கேம்ப்ல கொடுத்தேனே! நீங்கதானேணா எனக்கு ஜூஸ் வாங்கிக் குடுத்தீங்க?”

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. ஆமா, நான்தான் வாங்கிக் குடுத்தேன்.

கொடைகள் டேபிளைத் திறந்து பார்த்தா, டேபிள் இருக்கு, தலைப்பு எல்லாம் இருக்கு, உள்ளே ஒரு வரிகூட இல்லை. பூஜ்யம்! அதனாலதான் 38 பேரும் ‘இதுவரை ரத்தமே கொடுக்காதவர்கள்’ ஆகிட்டாங்க. ரத்த வங்கியில் எப்படியும் கேட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்கதான். ஆனா அந்தப் பையன் 20 கிலோமீட்டர் பைக்குல போய்த் திரும்பி வர்ற நேரத்தை யார் குடுப்பா?

கைகொடுத்தது டேட்டாபேஸ் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி பாஸ் அவுட் ஆன ஒரு அக்கா. போன் பண்ணினதும், “நெகட்டிவ் குரூப் மட்டும் நான் தனியா ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன்டா, போட்டோ இருக்கான்னு பார்க்கறேன்”னாங்க. இருந்துச்சு. பழைய லிஸ்ட்தான், ஆனாலும் அதுல இருந்து ஊர்லயே இருக்கிற ரெண்டு அண்ணன்கள் கிடைச்சாங்க. கடைசியா எப்போ கொடுத்தீங்கன்னு வாயாலேயே கேட்டு உறுதி பண்ணிக்கிட்டோம். மணி 11 இருக்கும், ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாங்க.

நாம மட்டும் இல்லை பாஸ்

ரூம்மேட் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். அவனைத் தேத்துறதுக்காக, அந்த நேரத்துல நான் சொன்ன கதை இது. கிட்லேப் தெரியும்ல? ப்ராஜெக்ட் கோடு எல்லாம் போட்டு வைக்கிற கம்பெனி. 2017 ஜனவரி 31 ராத்திரி, அங்கே ஒரு இன்ஜினீயர் ரெண்டாவது சர்வர்ல இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு, மெயின் சர்வர்லயே டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிக்க ஆரம்பிச்சுட்டார். ரெண்டு செகண்ட்ல சுதாரிச்சு நிறுத்தினா, சுமார் 300 ஜிபி-ல மிச்சம் இருந்தது 4.5 ஜிபி!

அப்புறம்தான் கிளைமாக்ஸ். தினசரி பேக்கப் எடுத்து வைக்கிற இடத்தைத் திறந்தா, காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுக்கற புரோகிராம் 9.2. வெர்ஷன் ஒத்துவராம ஒவ்வொரு தடவையும் ஃபெயில் ஆகிக்கிட்டே இருந்திருக்கு. ஃபெயில் ஆனா மெயில் போகணும்ல? போயிருக்கு. ஆனா முறையா கையெழுத்து இல்லாத மெயில்னு மெயில் சர்வரே திருப்பி அனுப்பிடுச்சு. டிஸ்க்கை அப்படியே படம் பிடிக்கிற வசதி? டேட்டாபேஸ் சர்வருக்கு அதை ஆன் பண்ணவே இல்லை. கடைசியில் காப்பாத்தினது, அதே இன்ஜினீயர் வேற ஒரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வெச்ச ஒரு காப்பி. மெதுவான டிஸ்க்ல இருந்து அதைக் கொண்டுவந்து சேர்க்கவே ஏறக்குறைய 18 மணி நேரம். நடுவுல இருந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். சுமார் 5,000 ப்ராஜெக்ட், 5,000 கமென்ட், 700 புது யூசர்கள்.

இதுல எனக்குப் பிடிச்சது, அவங்க எதையும் மறைக்கலை. ரெஸ்டோர் பண்றதை யூடியூப்ல லைவா ஓட்டினாங்க. நம்ம டிபார்ட்மென்ட்ல ஒரு பல்பு ஃபியூஸ் ஆனாக்கூட யார் சுவிட்ச் போட்டதுன்னுதானே முதல்ல விசாரணை!

1998-ல பிக்ஸாரில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தோட ஃபைல்கள் அழிஞ்சப்போ, பேக்கப்பும் வேலை செய்யலை. குழந்தை பிறந்ததால வீட்டுல இருந்தே வேலை பார்த்த காலின் சஸ்மன் வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்த காப்பிதான் படத்தைக் காப்பாத்துச்சு. எங்க அக்காவோட நோட்டு போட்டோ மாதிரி!

“அப்போ நம்மளும் பிக்ஸாரா?”ன்னு கேட்டுக்கிட்டே ரூம்மேட் எழுந்து உட்கார்ந்தான்.

ஆல்பா ரகசியம்

மர்மத்தை உடைச்சது எங்க கிளாஸ்மேட் பொண்ணு ஒருத்தி. லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்து போன்லயே துப்பறிஞ்சா. முதல் கேள்வி: “ஃபைல் சைஸ் என்ன?”

“6.2 எம்பி.”

“போன மாசம்?”

வாட்ஸ்அப் குரூப்ல தேடிப் பார்த்தோம். ‘பேக்கப் ஓவர், 3.1 எம்பி’. இந்த மாசம், ‘பேக்கப் ஓவர், 6.2 எம்பி, செம வளர்ச்சி!’ அதுக்கு நாங்க எல்லாரும் ஃபயர் எமோஜி வேற போட்டிருக்கோம்!

“ஒரே மாசத்துல கரெக்டா டபுள் ஆகுமாடா? இந்தத் தடவை எதுல எடுத்தே?”

புது லேப்டாப். அதே கமாண்ட். அதே அம்புக்குறி போட்டு ஃபைலுக்குத் திருப்பிவிட்டிருக்கான். ஆனா பழைய லேப்டாப்ல கமாண்ட் பிராம்ப்ட், புதுசுல திறந்தது பவர்ஷெல். அங்கேதான் வினை. விண்டோஸ் கூடவே வர்ற பவர்ஷெல் 5.1-ல அம்புக்குறி போட்டா, வர்ற பைட்டுகளை அப்படியே ஃபைல்ல கொட்டாது. எழுத்தா படிச்சுப் பார்த்து, யூடிஎஃப்-16 ஆக மாத்தி எழுதும். ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்துக்கும் ஒரு பைட்டுக்குப் பதில் ரெண்டு பைட், ரெண்டாவது பைட் பூஜ்யம். முதல் எர்ரர்ல வந்த பூஜ்யம் இதுதான்! சைஸ் டபுள் ஆனதும் இதனாலதான். மைஎஸ்க்யூஎல் மேனுவல்லயே இதுக்கு எச்சரிக்கை போட்டிருக்கு. அம்புக்குறிக்குப் பதில் ரிசல்ட் ஃபைல்னு ஒரு ஆப்ஷன், அதுல பேரைக் குடுத்துட்டா போதும்.

தமிழுக்கு நடந்தது இன்னும் கொடுமை. ஒவ்வொரு தமிழ் எழுத்தும், கொம்பு, கால், புள்ளி உட்பட, யூடிஎஃப்-8-ல மூணு பைட். முதல் பைட் எப்பவும் ஒண்ணேதான், ஈ0. ரெண்டாவது ஏஇ அல்லது ஏஎஃப். பவர்ஷெல் அதை 437-ங்கற பழைய டாஸ் காலத்து எழுத்துப் பட்டியலை வெச்சுப் படிச்சிருக்கு. அந்தப் பட்டியல்ல ஈ0-ன்னா ஆல்பா. ஏஇ, ஏஎஃப்-ன்னா அந்த ரெட்டை அம்புக்குறிகள். அதான் ஊர்ப்பட்ட ஆல்பா!

“கேள்விக்குறியா வந்திருந்தா செத்தோம்டா. கேள்விக்குறின்னா எழுத்து தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம், எங்கேயும் மீட்க முடியாது. ஆல்பான்னா எழுத்து உள்ளேயே இருக்கு, வேஷம் போட்டிருக்கு. திருப்பி எடுக்கலாம்”னா. அந்த ஒரு வரிக்காக அவளுக்கு டிபிஎம்எஸ் பேப்பர்ல நூத்துக்கு நூறு போடலாம். உண்மையில் அவ அதுல ஜஸ்ட் பாஸ். ஷேடோ பேஜிங் பத்தி ரெண்டு மார்க் கேள்வியை நான் அழகா எழுதி வாங்கினேன். என்ன பிரயோஜனம்?

நோட்பேட்ல மாத்தின காப்பியைத் தூக்கிப் போட்டுட்டு, தொடாம வெச்சிருந்த ஒரிஜினல் ஃபைலை எடுத்தோம். பைத்தான்ல மூணே வரி. யூடிஎஃப்-16-ஆ படி, 437 பட்டியல் வழியா பைட்டுகளா திருப்பு, அப்படியே எழுது. ஃபைல் சைஸ் 3.1 எம்பி-க்கு இறங்கினப்போ வந்த சந்தோஷம், செமஸ்டர் ரிசல்ட்லகூட எனக்கு வந்ததில்லை.

சர்வர் ‘போன’ காரணமும் அப்போதான் புரிஞ்சது. பேக்கப் ஃபைல்ல ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனித்தனி கட்டளை இருக்காது. ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே இன்சர்ட்ல கோத்து வெச்சிருக்கும். கொடைகள் டேபிள் முழுக்க ஒரே கட்டளை. நிஜத்துல அது ஒரு எம்பி-க்குள்ளே அடங்கியிருக்கும். தமிழ்க் குறிப்பு எல்லாம் ஆல்பா வேஷம் போட்டு ஊதிப் பெருத்ததில், எங்க ஸாம்ப் செட்டிங்ல இருந்த ஒரு எம்பி எல்லையைத் தாண்டிடுச்சு. சர்வர் கதவைச் சாத்திடுச்சு. ஃபோர்ஸ் ஆப்ஷன் அதைக் கண்டுக்காம அடுத்ததுக்குத் தாவிடுச்சு. போனது ஒரே ஒரு கட்டளைதான், ஆனா அதுக்குள்ளே எத்தனை வருஷக் கணக்கு!

எல்லையை 64 எம்பி ஆக்கி, கொலேஷன் பேரை மறுபடி மாத்தி, ஃபோர்ஸ் இல்லாம ஓட்டினோம். ஒரு எர்ரர்கூட வரலை. ஆனா இப்போ அமைதியைப் பார்த்தாலே பயமா இருந்துச்சு. “கடைசி வரியைப் பாரு, ‘டம்ப் கம்ப்ளீடட்’னு தேதியோட இருக்கா?”ன்னு கேட்டா. இருந்துச்சு. அது இல்லைன்னா ஃபைலே பாதியில் அறுந்ததுன்னு அர்த்தமாம். “இப்போ எண்ணிப் பாரு.”

கொடைகள் டேபிள்ல 3,947 வரி. அது சரியா தப்பான்னு எதோட ஒப்பிடறது? டெஸ்க்டாப்தான் செத்துப்போச்சே. அப்போ ஞாபகம் வந்தது, கிளப் ரூம் சுவர்ல ஒட்டியிருக்கிற சார்ட் பேப்பர். கேம்ப் அன்னிக்குக் காலையில் ஸ்கெட்ச் பேனாவால எழுதினது, ‘இதுவரை 3,912 கொடைகள்’. கேம்ப்ல கொடுத்தவங்க கையெழுத்து போட்ட பேப்பரை எடுத்து எண்ணினோம். 35. கூட்டிப் பார்த்துட்டு ரூம்மேட் என்னைக் கட்டிப்பிடிச்சு ஒரு சுத்து சுத்தினான். அந்த ஜூனியர் பேரைத் தேடினா, சுத்தமான தமிழ்ல வந்துச்சு. பக்கத்துலயே கேம்ப் தேதி.

மணி நாலேகால். டீக்கடை திறந்திருக்கலை.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பெண் குழந்தையாம், அண்ணியும் நல்லா இருக்காங்களாம். நாங்க ராத்திரி பட்ட பாடு எதையும் அவர்கிட்ட சொல்லலை. பத்து நிமிஷம்னு சொன்னதுக்கு மட்டும் ஸாரி சொன்னேன்.

இப்போ மாசத்தோட முதல் சனிக்கிழமை எங்களுக்கு ரெஸ்டோர் நாள். சும்மா கிடக்கிற வேற ஒரு லேப்டாப்ல, பேக்கப் எடுக்காத ஒருத்தன் உட்கார்ந்து, வெறும் ஃபைலை மட்டும் வெச்சு எல்லாத்தையும் எழுப்பணும். பேக்கப் ஒரே பேர்ல மேலேயே எழுதாம, தேதி போட்டுத் தனித்தனியா இருக்கணும். முதல் மாசமே கவுந்தோம். டேட்டா எல்லாம் வந்துடுச்சு. ஆனா ‘இன்று கொடுக்கத் தகுதியானவர்கள்’னு ஒரு சீனியர் எழுதி வெச்ச வியூவைத் திறந்தா, ‘இதை உருவாக்கின யூசர் இல்லை’ன்னு முறைச்சது. அந்த யூசர் பழைய டெஸ்க்டாப்ல இருந்தவர். டேட்டாபேஸ் ஃபைல்ல டேபிள் வரும், யூசர் அக்கவுன்ட் வராது. அன்னிக்கு ராத்திரி நாங்க நேரா டேபிள்லயே தேடினதால, அந்த வியூவை யாரும் தொடவே இல்லை.

ரெண்டாவது மாசம் 40 நிமிஷம் ஆச்சு. போன மாசம் 11 நிமிஷம். பத்துக்குள்ளே முடிச்சா இன்சார்ஜுக்கு ரெண்டு செட் பரோட்டா, இல்லைன்னா அவன் எல்லாருக்கும் வாங்கித் தரணும்னு பந்தயம். போன மாசம் ஒரு நிமிஷத்துல தோத்து, எட்டு பேருக்கு பில் கட்டினது என் ரூம்மேட். அவனை இப்போ ஹாஸ்டல்ல யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை. வாட்ச்மேன் அண்ணன்கூட “டேய் ஆல்பா, கேட்டைச் சாத்திட்டுப் போடா”ன்னுதான் கத்தறார்.